ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள்

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதன் பிறகு தொலையிரம் பார் உட்பட எந்த முத்துப் பாரிலும் குளிப்பு நடக்கவில்லை. அந்தக் கடைசிப் பருவத்தில் இருபது வயதில் கல்லோடு இறங்கிய ஒருவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். இப்போது திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தாத்தா காலத்தில் அதெல்லாம் இல்லை. எட்டு, பத்துப் பாகம் ஆழத்துக்கு வெறுங்கண்ணோடுதான் இறக்கம்.

வெறுங்கண்ணை உப்புத் தண்ணீருக்குள் திறந்தால் எல்லாமே கலங்கித் தெரியும். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் இதே கதைதான். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்து விழித்திரையில் சேர்க்கும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது கருவிழியின் முன்புற வளைவு. கண்ணின் மொத்தத் திறன் ஏறக்குறைய 60 டயாப்டர் (ஒளியை வளைக்கும் திறனுக்கான அலகு) என்றால் அதில் 43 இந்த வளைவுடையது. காற்றிலிருந்து கருவிழிக்குள் நுழையும்போதுதான் ஒளி இப்படி வளையும். தண்ணீரும் கருவிழியும் ஒளியை ஏறத்தாழ ஒரே மாதிரி வளைப்பவை என்பதால் கடலுக்குள் அந்த 43-உம் பயனற்றுப் போகிறது. மிச்சமிருப்பது உள்ளேயுள்ள சிறிய லென்ஸ் மட்டும். சிப்பி எது, கல் எது என்று கண்டுபிடிப்பதில் குளியாளின் கைக்குப் பாதி வேலை இருந்தது என்றே கொள்ளலாம்.

வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தின் சூரின் தீவுகளில் மோக்கன் என்ற கடலோடி இனம் வாழ்கிறது. அவர்களுடைய குழந்தைகள் கண்ணாடி இல்லாமலே மூழ்கிச் சின்னச் சின்ன சிப்பிகளைப் பொறுக்கி வருவதைப் பார்த்து ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் வியந்தார். 2003-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வின்படி, மோக்கன் குழந்தைகளின் நீரடிப் பார்வை ஐரோப்பியக் குழந்தைகளுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கூர்மையானது. தண்ணீருக்குள் அவர்கள் கண்பாப்பாவை இரண்டு மில்லிமீட்டருக்குச் சுருக்கிக்கொள்கிறார்கள். லென்ஸையும் முடிந்தமட்டும் உருட்டிக் குவிக்கிறார்கள். பிறகு ஐரோப்பியக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது அவர்களுக்கும் அந்த வித்தை வந்தது. பெரியவர்களுக்கு வருவது கடினம். லென்ஸ் இளமையாக இருந்தால்தான் இது நடக்கும்.

லென்ஸ் எப்போது கிழடாகிறது? பலரும் நினைப்பதைவிட வெகு சீக்கிரம். பத்து வயதுப் பிள்ளையின் கண் கிட்டத்துப் பொருளைப் பார்க்கத் தன் திறனைப் பன்னிரண்டு, பதினாலு டயாப்டர் வரை கூட்டிக்கொள்ளும். நாற்பதில் அது நாலைந்தாகக் குறையும். அறுபதில் ஒன்று மிஞ்சினால் அதிகம். லென்ஸ் வாழ்நாள் முழுக்க வளர்ந்து, இறுகி, நெகிழ்வை இழக்கும் உறுப்பு. நாற்பதைத் தாண்டியவர் செய்தித்தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பதும், ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவதும் இதனால்தான். வெள்ளெழுத்து என்று ஊர் சொல்வது இதைத்தான். இது நோயில்லை, எல்லோருக்கும் வரும்.

எல்லோருக்கும் வருகிறது என்பதாலேயே இதை அலட்சியப்படுத்துவதும் நடக்கிறது. வேம்பாரிலோ மணப்பாட்டிலோ கரையில் உட்கார்ந்து வலைக்கண்ணைச் சரிபார்க்கிறவருக்கும், தேரிக்காட்டு ஓரங்களில் பனையோலைக் கொட்டான் முடைகிற பெண்ணுக்கும் கிட்டத்தில் தெளிவாகத் தெரிவதுதான் கூலி. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. வெறும் வாசிப்புக் கண்ணாடி கொடுத்ததில், கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட, பெற்றவர்களின் கொழுந்து பறிப்பு சுமார் 22 சதவீதம் கூடியது. மருந்தில்லை, அறுவை இல்லை. சில நூறு ரூபாய்க் கண்ணாடி. ஐம்பது வயதில் கண்ணாடி போடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் ஆண்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இயல்பான மாற்றங்கள் இன்னும் உண்டு. கண்பாப்பா வயதோடு சிறுக்கிறது, லென்ஸ் மஞ்சளிக்கிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தால் கண் பழக நேரமாகிறது. அவ்வப்போது ஒன்றிரண்டு பூச்சி பறப்பதுபோலத் தெரியலாம். இவற்றோடு நிம்மதியாக வாழலாம்.

சிக்கல் எங்கே என்றால், ஆபத்தான மாற்றங்களும் இதே வயதில், இதே சாயலில் வருகின்றன. "வயசாயிட்டுல்லா, அப்படித்தாம் இருக்கும்" என்று இந்தக் கரையில் திண்ணைதோறும் கேட்கும் ஒரு வாக்கியம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

முதலில் கண்புரை. இது முற்றுவதற்கு முன் சிலருக்கு ஒரு விசித்திரம் நிகழும். பத்திருபது வருஷமாக வாசிப்புக் கண்ணாடி போட்டவர் ஒருநாள் அதைக் கழற்றிவைத்துவிட்டுப் பேப்பர் படிக்கத் தொடங்குவார். "பாட்டிக்குப் பார்வை திரும்பிட்டு" என்று வீடே கொண்டாடும். நடந்தது வேறு. லென்ஸின் நடுப்பகுதி புரையால் கெட்டிப்பட்டு, ஒளியைக் கூடுதலாக வளைக்கிறது. அதனால் கிட்டத்தில் தெளிவாகிறது, தூரத்தில் மங்குகிறது. சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ கிட்டத்துத் தெளிவும் போகும். கண்ணாடி இல்லாமல் திடீரென்று படிக்க முடிகிறது என்றால் அது பரிசோதனைக்குப் போகவேண்டிய நாள். சர்க்கரை அளவு தாறுமாறாக ஏறினாலும் லென்ஸ் இதேபோலப் பார்வையை மாற்றிக்காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வது நல்லது.

புரைக்கும் வெயிலுக்கும் உள்ள உறவை நிறுவியதும் சிப்பிக்காரர்கள்தான். இந்தக் கடற்கரை ஆட்கள் அல்ல, அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கிறவர்கள். ஹியூ டெய்லர் தலைமையிலான குழு 838 மீனவர்களைச் சோதித்தது. ஒவ்வொருவரும் பதினாறு வயது முதல் எந்தெந்த வருஷம் எவ்வளவு நேரம் தண்ணீர்மேல் இருந்தார், தொப்பி போட்டாரா, கண்ணாடி அணிந்தாரா என்று கேட்டுக் கண்ணில் பட்ட புறஊதாக் கதிரைக் கணக்கிட்டது. 1988-இல் வெளியான முடிவு: வாழ்நாளில் கண்ணில் பட்ட புறஊதா 'பி' கதிரின் அளவு இரட்டித்தால், லென்ஸின் வெளியடுக்கில் வரும் புரைக்கான வாய்ப்பு 1.6 மடங்காகிறது. செசபீக் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 38 பாகைக்கு வடக்கே. தூத்துக்குடி ஒன்பது பாகைக்குள். அங்கே சில மாதம் அடிக்கும் வெயில் இங்கே வருஷம் முழுக்க அடிக்கிறது.

கடலைவிட உப்பளம் மோசம். தமிழ்நாட்டு உப்பின் பெரும்பகுதி விளைவது தூத்துக்குடி மாவட்டத்தில். பாத்தியில் உப்பு விளைந்து வெள்ளை வெளேரென்று பரந்து கிடக்கும்போது வெளிச்சம் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். தலையில் முண்டாசு கட்டினால் மேலே இருந்து வருவதைத்தான் தடுக்கலாம். அளத்து வேலைக்காரர்கள் விடியுமுன்பே பாத்திக்கு இறங்குவதில் வெக்கையோடு இந்தக் கண்கூச்சத்துக்கும் பங்கு உண்டு. புரை தவிர, கண்ணின் மூக்குப்பக்க வெள்ளையிலிருந்து முக்கோணமாகக் கருவிழியை நோக்கிச் சதை வளர்வது காற்றும் வெயிலும் தூசியும் பட்டு உழைக்கிறவர்களிடம் அதிகம். அது கண்பாப்பாவை எட்டாதவரை அவசரம் இல்லை; நெருங்கினால் எடுத்துவிட வேண்டும். விளிம்பு வைத்த தொப்பி கண்ணில் விழும் புறஊதாவை ஏறக்குறைய பாதியாக்கும். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி மீதியைப் பார்த்துக்கொள்ளும். அளத்து முதலாளிகள் கையுறை, பூட்ஸ் வாங்கிக்கொடுப்பதைப் பற்றிப் பேச்சாவது இருக்கிறது. கண்ணாடியைப் பற்றி அந்தப் பேச்சும் குறைவு.

கண் உறுத்தினால் மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்தவை உடனே சுகம் தரும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் கொண்டுவரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு இவற்றின் கதை வேறு. அவை கிருமியைக் கண்ணுக்குள் கொண்டுபோகும் வழிகள். கருவிழியில் புண் வந்து தழும்பானால் புரை அறுவைகூட முழுப் பார்வையைத் தராது.

புரையைப் பற்றிப் பேசினால் அயன் வடமலாபுரத்துக்காரர் ஒருவரைத் தாண்டிப் போக முடியாது. எட்டயபுரம் வட்டாரத்து இந்தக் கரிசல் கிராமம் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. கோவிந்தப்ப வெங்கடசாமி அங்கே 1918-இல் பிறந்தார். மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, ராணுவத்தில் மருத்துவராக இருந்தார். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்குத் தோதான கருவிகளை வடிவமைத்துக்கொண்டு கண் அறுவை கற்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

அவர் தொழிலைத் தொடங்கிய காலத்தில் புரை அறுவை என்றால் லென்ஸை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவது. கண்ணாடி தொலைந்தாலோ உடைந்தாலோ கிழவர் மறுபடி குருடர். கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை ஏழைக்கு எட்டாது. 1992-இல் அரவிந்த் தொடங்கிய ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் தயாரித்து விலையை நூறு டாலர் அளவிலிருந்து பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. முகாமுக்கு வருகிற கிராமத்தவருக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு ஆகியும் "புரை முற்றட்டும்" என்று காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய அறுவை முறையில் அந்தக் காத்திருப்புக்கு நியாயம் இருந்தது. இப்போது இல்லை. மிகவும் முற்றிய புரை கண்ணுக்குள் கசிந்து அழுத்தத்தை ஏற்றி, திரும்பப் பெற முடியாத சேதத்தைச் செய்யும். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசுகிறது, துறைமுகத்து விளக்குகள் சிதறித் தெரிகின்றன, வெள்ளைச் சட்டை பழுப்பாகத் தெரிகிறது, வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றால் அதுவே அறுவைக்குரிய காலம். ஒரு சிறு கூடுதல் தகவல்: அறுவை முடிந்து சில வருஷம் கழித்துப் பார்வை மறுபடி மங்கினால் "புரை திரும்பி வந்துட்டு" என்று பயப்பட வேண்டாம். புரை திரும்ப வராது. செயற்கை லென்ஸுக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருக்கும். சில நிமிஷ லேசரில் சரியாகும்.

புரை திருடும் பார்வையைத் திரும்ப வாங்கலாம். குளுகோமா எடுத்துக்கொண்டதை வாங்க முடியாது. இந்த அத்தியாயத்தின் கனமான பகுதி இதுதான்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த திரவம் ஓயாமல் சுரந்து, வடிந்துகொண்டே இருக்கிறது. உப்பளத்துப் பாத்தியில் தண்ணீர் பாயும் மடை திறந்திருக்க, வடியும் மடை அடைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். கண்ணுக்கு வரப்பு உடையாது. உள்ளே அழுத்தம் கூடி, பின்னாலுள்ள பார்வை நரம்பை நசுக்கும். பத்து லட்சத்துக்கும் அதிகமான இழைகளாலான அந்த நரம்பு இழை இழையாகச் சாகும். வலி இல்லை, சிவப்பு இல்லை. நேர்ப்பார்வை கடைசிவரை கூர்மையாக இருக்கும். ஓரப்பார்வையில்தான் ஓட்டை விழத் தொடங்கும். அதையும் மூளை காட்டிக்கொடுக்காது. நல்ல கண்ணில்கூடப் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. அதை யாரும் வாழ்நாளில் உணர்வதில்லை, மூளை சுற்றிலுமுள்ளதை வைத்து நிரப்பிவிடுகிறது. அதே வேலையைக் குளுகோமாவின் ஓட்டைகளுக்கும் செய்கிறது. போதாததற்கு, ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் ஈடுகட்டும்.

இது எவ்வளவு தூரம் மறைந்திருக்கிறது என்பதை அளந்து பார்த்த இடங்களில் தூத்துக்குடியும் ஒன்று. அரவிந்த் மருத்துவமனை மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்த 5,150 பேரின் கண்களை முழுமையாகச் சோதித்தது. குளுகோமா பற்றிய முடிவுகள் 2003-இல் வெளியாயின. நூற்றுக்கு 2.6 பேருக்கு ஏதோ ஒருவகைக் குளுகோமா. மெதுவாக வளரும் முதன்மை வகை மட்டும் நூற்றுக்கு 1.7. திடுக்கிட வைப்பது அடுத்த எண்: அந்த மெதுவகை இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 93 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பது அன்றுவரை தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு அதனால் ஏற்கெனவே ஒரு கண்ணாவது குருடாகியிருந்தது. ஒரு கண்ணே போயிருந்தும் நோயின் பெயர் தெரியாமல் இருந்தவர்களும் இவர்களில் அடக்கம் என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

அறிகுறி தெரியாத நோய்க்கு அறிகுறியைத் தேடிக் காத்திருக்க முடியாது. படிக்கட்டில் கால் இடறுவது, பக்கத்தில் வருகிறவர் மேல் மோதுவது எல்லாம் வெகு தாமதமான சேதிகள். நாற்பது வயதானதும் ஒரு தடவை கண் அழுத்தம் பார்த்து, பார்வை நரம்பையும் மருத்துவர் நேரே பார்த்துச் சொல்ல வேண்டும். அழுத்தம் மட்டும் பார்த்தால் போதாது. அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடும் வகை உண்டு. வீட்டில் ஒருவருக்குக் குளுகோமா என்றால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பிள்ளைகள் அத்தனை பேரும் சோதித்துக்கொள்வது கட்டாயம். சொட்டு மருந்து பார்வையைக் கூட்டாது, இருப்பதைக் காக்கும். இதைச் சொல்லிக்கொடுக்காததால் "போட்டும் ஒண்ணும் தெரியலை" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் பலர்.

குளுகோமாவில் இன்னொரு வகை நேர்மாறானது. வடிகால் சட்டென்று மூடிக்கொள்ளும். மாலை மங்கலில் கண் சிவந்து, மண்டை பிளக்க வலிக்கும், வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கோளாறு என்றும், வலியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி என்றும் மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தால் விடியும்போது கண் போயிருக்கலாம். ஆசிய மக்களிடம், அதிலும் பெண்களிடம் இது கூடுதல். அதே இரவில் கண் மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. சிலருக்கு இது முழுவீச்சில் வருமுன் அந்த வானவில் வளையம் சில மாலைகளில் வந்து வந்து போகும். அப்போதே பிடித்தால் லேசரால் ஒரு சிறு துளையிட்டுத் தடுத்துவிடலாம்.

அவசரம் என்ற சொல் பொருந்தும் இன்னும் சில உண்டு. கண்ணுக்குள் நிறைந்துள்ள கூழ் வயதாக ஆகத் தண்ணீராகி, ஒருநாள் விழித்திரையிலிருந்து பிரியும். அப்போது கண்ணோரத்தில் மின்னல் வெட்டும். புதிதாகப் பூச்சிகள் பறக்கும். பெரும்பாலோருக்கு இதோடு முடிந்துவிடும். ஆனால் இப்படி அறிகுறியோடு வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கூழ் பிரியும்போது விழித்திரையும் கிழிந்திருக்கும். கிழிசலை அன்றே லேசரால் ஒட்டலாம். விட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து விழித்திரை கழன்று, பார்வையின் ஒரு பக்கத்தில் திரை இறங்கும். வருஷக்கணக்காகப் பறக்கும் ஒற்றைப் பூச்சி பழைய சிநேகிதன்; திடீரென்று கூட்டமாகப் பறந்தாலோ, கரிப்பொடி தூவியதுபோலத் தெரிந்தாலோ, அதோடு மின்னலும் சேர்ந்தாலோ ஒருநாள்கூடத் தள்ளக்கூடாது.

ஒரு கண்ணில் பார்வை அணைந்து சில நிமிஷத்தில் திரும்பி வந்தால் பலரும் கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். அது கண்ணின் பிரச்சினையாகவே இல்லாமல் இருக்கலாம். கழுத்து ரத்தக்குழாயிலிருந்து ஒரு சிறு கட்டி பெயர்ந்து கண்ணுக்குப் போகும் நாளத்தை அடைத்து விலகியிருக்கலாம். அடுத்தது மூளைக்குப் போனால் பக்கவாதம். பார்வை திரும்பிவிட்டது என்பதற்காக வீட்டில் இருந்துவிடாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இங்கேதான் அந்த எளிய சோதனை கைகொடுக்கிறது: ஒரு கண்ணைப் பொத்துவது. இரட்டை இரட்டையாகத் தெரிகிறதா? ஒரு கண்ணைப் பொத்துங்கள். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் இரட்டை மறைந்தால், இரண்டு கண்களும் ஒரே திசையில் பார்க்கவில்லை என்று அர்த்தம். கண்ணை அசைக்கும் நரம்பையோ மூளையையோ சந்தேகிக்க வேண்டும். திடீரென்று வந்திருந்தால் அவசரம். ஒரே கண்ணால் பார்க்கும்போதும் இரட்டை தெரிந்தால் பெரும்பாலும் அந்தக் கண்ணின் புரை அல்லது கருவிழி. நெளிநெளியான வெளிச்சக் கோடு மெல்லப் பரவி இருபது, முப்பது நிமிஷத்தில் மறைகிறதா? எந்தக் கண்ணைப் பொத்தினாலும் அது அங்கேயே இருந்தால் மூளையில் எழும் ஒற்றைத் தலைவலியின் முன்னோட்டமாக இருக்கலாம். ஐம்பதுக்கு மேல் முதல்முறையாக வந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

விழித்திரையின் மையம் வயதால் சிதையும் நோயையும் இந்தச் சோதனை பிடிக்கும். வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, தரை ஓட்டின் கோட்டையோ காலண்டர் கட்டங்களையோ பார்க்கலாம். கோடு நெளிந்தால், கட்டத்தின் நடுவில் கறை தெரிந்தால், அந்தக் கண்ணில் கோளாறு. ரத்தக்குழாய் கசியும் வகையாக இருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசியால் சேதத்தை நிறுத்தலாம், சீக்கிரம் வந்தால். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை நல்ல கண் இதை மூடிமறைத்துக்கொண்டே இருக்கும். புகைபிடிக்கிறவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

சர்க்கரை நோயாளிகளை மட்டும் இந்தச் சோதனையை நம்பி விட முடியாது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து, அடைத்து, புதிதாக முளைத்து உடையும்வரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். தெரிய வரும் நாளில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து கறுப்பாக மிதக்கும். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். கண்ணுக்கு நோயாளிதான் வருஷம் ஒருமுறை நடக்க வேண்டும்.

பார்வை பெரும்பகுதி போன முதியவர்கள் சிலருக்கு இல்லாதது தெரியும். வீட்டு மூலையில் குழந்தைகள் நிற்பது, முற்றத்தில் ஆட்கள் போவது, சுவரில் பூவேலைப்பாடு. சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல்ஸ் பொன்னே, தொண்ணூறை நெருங்கிய தன் தாத்தா சார்ல்ஸ் லுல்லேன் கண்ட இப்படிப்பட்ட காட்சிகளை 1760-இல் எழுதிவைத்தார். தாத்தாவுக்குப் புத்தி தெளிவாக இருந்தது. புரையால் பார்வைதான் மங்கியிருந்தது. கண்ணிலிருந்து சேதி வராதபோது மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படம் வரைந்துகொள்கிறது. இந்தப் பக்கத்து ஊர்களில் இதைக் காத்து கருப்பு என்று கோடாங்கியிடம் கொண்டுபோகிறவர்களும் உண்டு, பைத்தியம் என்று மறைத்துவைக்கிறவர்களும் உண்டு. பயத்தால் வாயே திறக்காத முதியவர்கள் இன்னும் அதிகம். காத்து கருப்புமில்லை, பைத்தியமுமில்லை என்று சொல்லிவிட்டாலே அவர்களுக்குப் பாதிப் பாரம் இறங்கும்; மறதி, உளறல், காய்ச்சல் சேர்ந்திருந்தால் மட்டும் வேறு காரணம் தேட வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் மாதம் ஒருமுறை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். குளுகோமாவின் தொடக்கமும் சர்க்கரையின் தொடக்கமும் அதில் அகப்படாது என்பதால், கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும் முழுச் சோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்துகொள்ளுங்கள். போகும்போது போட்டுக்கொண்டிருக்கும் மருந்துகளையும் பழைய கண்ணாடியையும் எடுத்துச் செல்லுங்கள். விரிக்கும் சொட்டு போட்டபின் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும். அன்றைக்கு பைக் ஓட்டவும் கடலுக்குப் போகவும் வேண்டாம்; துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.